டௌனி பாட்டிலும் தே ஐஸ் பொட்டலமும்: பெஸ்தாரி ஜெயாவில் நடந்த ஒரு கொரியப் பிறந்தநாள்

பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் ஊதா ரிப்பன் கட்டி வைத்திருந்த டௌனி (துணியை மிருதுவாக்கும் திரவம்) பாட்டிலைக் காணவில்லை. பிள்ளைகள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள், பலூன்களை விலக்கிப் பார்த்தார்கள், என் பையைக்கூடத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் கடைக்கார ஆன்டி பின்கட்டிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “நீங்க கொண்டாந்த சோப்பு நல்ல வாசம்மா. மேசைத் துணியெல்லாம் அதுலயே ஊறப் போட்டுட்டேன்” என்றார்.

எட்டுப் பேரும் வாயடைத்து நின்றார்கள். அந்தப் பாட்டில் துணி துவைக்க வந்ததில்லை. அது ஒரு நகைச்சுவை. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்குப் புரியும். அந்தக் கடையில் எட்டே எட்டுப் பேருக்குத்தான் புரியும்.

2025 ஆகஸ்டு 31, ஞாயிற்றுக்கிழமை, கொரியப் பாட்டுக் குழுவான பி.டி.எஸ்.ஸின் பாடகர் ஜங்குக் பிறந்தநாளுக்காக இந்தப் பிள்ளைகள் அந்தக் கடையில் நடத்திய மூன்று மணி நேரக் கூட்டத்தை இங்கே விவரமாக எழுதிவைக்கிறேன். ரசிகர் கூட்டம் என்றாலே நம்மவர்கள் ‘மோகம்’, ‘பைத்தியம்’ என்று இரண்டு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அருகிலிருந்து பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. ரசிகர்களின் பகடியை அறியாத ஒருவர், அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு ஏதோ கேட்கிறார், ஏதோ செய்கிறார். அப்போது அந்தக் கூட்டம் அவரை எப்படி நடத்துகிறது? அதில்தான் அதன் குணம் தெரிகிறது. அன்றைக்கு அப்படிப்பட்ட தருணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஊரும் பிள்ளைகளும்

பெஸ்தாரி ஜெயா மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்: பத்தாங் பெர்ஜுந்தை. பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) நட்டார். தோட்டத்தின் பெயரே நம் தென்னைமரம்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. இப்போது தோட்ட வேலையில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும்தான் அதிகம். நம் பிள்ளைகளின் பெற்றோர் பலர் தொழிற்சாலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போகிறார்கள்.

நான் இங்கே மாலையில் டியூஷன் எடுக்கிறேன். எட்டுப் பிள்ளைகளும் என் மாணவிகள், இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றிலிருந்து ஐந்து வரை. எல்லாரும் பி.டி.எஸ். ரசிகைகள். 2013 ஜூன் 13-இல் அரங்கேறிய தென்கொரியப் பாட்டுக் குழு அது, ஏழு பேர். ரசிகர்களுக்கு ‘ஆர்மி’ என்று பெயர். ஏழு பேரில் கடைக்குட்டி ஜங்குக். பிறந்தது 1997 செப்டம்பர் 1.

இந்தப் பிறந்தநாளுக்குத் தனி மதிப்பு இருந்தது. கொரியாவில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. ஜங்குக் 2023 டிசம்பரில் போனவர், 2025 ஜூன் 11-இல் திரும்பினார். அந்த மாதம் முடிவதற்குள் ஏழு பேரும் சேவை முடித்து வெளியே வந்துவிட்டார்கள். பிள்ளைகள் பதினெட்டு மாதமும் நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணியவர்கள். ஒருத்தியின் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க அந்தக் கோடுகள்தான். கண்டிக்கத்தான் நோட்டை வாங்கினேன். பார்த்த பிறகு மனம் வரவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோப்பைக்கு ஓர் உறை

கொரியாவில் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவரின் பிறந்தநாளுக்கு ஒரு காபிக் கடையைப் பேசிவைத்து, படங்களால் அலங்கரிப்பார்கள். ஒரு பானம் வாங்கினால், கோப்பையைச் சுற்றிப் போடும் அட்டை உறை ஒன்று கிடைக்கும். அதில் அந்தப் பாடகரின் படமும் ரசிகர்கள் வரைந்த ஓவியமும் இருக்கும். அதுதான் கப் ஸ்லீவ். பாடகர் அங்கே வரப்போவதில்லை, அவருடைய நிறுவனத்துக்கும் இதில் பங்கில்லை. அத்தனையும் ரசிகர்களின் கைவேலை. கோலாலம்பூரிலும் இது நடக்கிறது. ஆனால் வீட்டில் கார் ஓட்ட ஆளில்லாத பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கோலாலம்பூர் பக்கத்து ஊரில்லை. “அப்போ இங்கயே வைப்போம் டீச்சர்” என்றாள் ஒருத்தி. கடைக்காரரிடம் பேச என்னை அனுப்பினார்கள்.

கடைக்கார அண்ணன் ரொட்டி சானாய் போடுகிறவர், அதிகம் பேசமாட்டார். “யாரு பொறந்தநாளு?” என்று கேட்டார். சொன்னேன். “அவரு வருவாரா?” வரமாட்டார் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “சாமி மட்டும் நேர்லயா வருது? வைங்க. மூணு மணிக்கு மேல கூட்டம் இருக்காது.”

ஆளுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) போட்டார்கள், மொத்தம் 120. அச்சுக்கு 62 வெள்ளி, பலூனுக்கும் ரிப்பனுக்கும் 18. மீதியில் 26 வெள்ளி கொடுத்து, கட்டுப்பாட்டு விலையில் விற்கும் 10 கிலோ உள்ளூர் அரிசிப் பை ஒன்றை வாங்கினார்கள். அரிசி எதற்கு? கொரிய ரசிகர்கள் கச்சேரிக்கு வெறும் மலர்வளையம் அனுப்புவதோடு நிற்பதில்லை, அரிசி மூட்டையோடு சேர்த்து அனுப்புவார்கள். பிறகு அந்த அரிசி இல்லாதவர்களுக்குப் போகும். இதைப் பிள்ளைகள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, குறுக்கே வந்த ஒருத்தியின் அம்மா, “இது அன்னதானம்தானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ விளக்கம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சண்டையும் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பிறந்தநாள் ஒருவருக்கு என்றாலும் ஏழு பேர் படமும் இருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. ஜங்குக் மட்டும் போதும் என்றது இன்னொன்று. ரசிகர் உலகில் இது சின்ன விஷயமில்லை. எத்தனையோ நட்புகள் இதில் முறிந்திருக்கின்றன. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மூன்று இரவு வாக்குவாதம். கடைசியில் படிவம் மூன்று படிக்கும் ஒருத்தி, “கோயில்ல மூலவர் நடுவுல, பரிவாரம் சுத்தி. அது மாதிரி வைங்க லா” என்று எழுதினாள். எல்லாரும் சிரித்தார்கள், சண்டை ஓய்ந்தது. ஆனால் சாமியோடு ஒப்பிட்டது ஒரு வீட்டில் பிடிக்கவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

பொருந்தாத உறை

அன்று மெர்டேக்கா, அதாவது சுதந்திர தினம்; கடை முழுக்கக் கொடிகள். அவற்றுக்கு நடுவே ஊதா பலூன்கள். வாசலில் சாயம் போட்ட அரிசியில் ஊதா நிறத்துக் கோலம். ஊதாதான் இவர்களின் நிறம். ஏழு பேரில் ஒருவரான வி, 2016 நவம்பரில் ரசிகர்கள் முன்னால் ‘போராஹே’ என்று ஒரு சொல்லைச் செய்தார். வானவில்லில் கடைசி நிறம் ஊதா; கடைசிவரை ஒருவரை ஒருவர் நம்பி நேசிப்போம் என்று பொருள்.

முதல் சிக்கல் மூன்று மணிக்கே வந்தது. கடையில் அட்டைக் கோப்பை கிடையாது. உட்கார்ந்து குடித்தால் கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளை, வாங்கிப் போனால் பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டிய பொட்டலம். ஐம்பது உறை அச்சடித்த பிள்ளைகள் இதை யோசிக்கவேயில்லை. குவளையில் கைப்பிடி இடித்தது, பொட்டலத்தில் வழுக்கி விழுந்தது. ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் அடுப்படியிலிருந்து இறங்கி வந்தார். ஓர் உறையை எடுத்து, மூலையில் ஓட்டை போட்டு, பொட்டலத்துக் கயிற்றிலேயே கோத்துக் கட்டினார். தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) கீழே தொங்க, அதன்மேல் ஜங்குக் முகம் ஆடியது.

அதற்குப் பிறகு அந்த உறைக்குக் கிடைத்த வாழ்வு எந்த காபிக் கடையிலும் கிடைத்திருக்காது. செம்பனை ஆலையில் வேலை முடிந்து வந்தவர்கள் பொட்டலத்தை மோட்டார் சைக்கிளின் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார்கள். ஊரின் பெரிய சாலையில் ஜங்குக் ஆடிக்கொண்டே போனார். பிள்ளைகள் வாசலில் நின்று ஒவ்வொரு மோட்டாருக்கும் கை தட்டினார்கள். லோம்போக்கிலிருந்து வந்து தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஊரில் அவருடைய தங்கையும் ஆர்மியாம். அங்கேயே அவளை வீடியோவில் அழைத்தார். எட்டுப் பேரும் தெரிந்த மலாயில் அவளோடு கத்திப் பேசினார்கள். போகும்போது தங்கைக்கென்று இரண்டு உறை கேட்டு வாங்கிப் போனார்.

டௌனி கதைக்கு வருகிறேன். 2019 ஜனவரியில், துணி துவைக்க டௌனி போடுவதாக ஜங்குக் ரசிகர்களிடம் சொன்னார். உடனே ரசிகர்கள் வாங்கிக் குவித்தார்கள், கொரியக் கடைகளில் இருப்பே தீர்ந்துபோனது. அன்றிலிருந்து அந்தப் பாட்டில் ரசிகர்களுக்கு ஒரு குறும்பு. ரிப்பன் கட்டி மேசையில் வைத்தால் தெரிந்தவர் சிரிப்பார், தெரியாதவர் கடந்து போவார். ஆன்டி கடந்து போகவில்லை. அதற்குரிய வேலையை அதற்குக் கொடுத்துவிட்டார்.

நான் கவனித்தது பிள்ளைகளின் அடுத்த நிமிடத்தை. சலித்துக்கொண்டிருக்கலாம், தங்களுக்குள் கேலி பேசியிருக்கலாம். மூத்தவள் ஆன்டியின் கையைப் பிடித்து உட்காரவைத்து, முழுக் கதையும் சொன்னாள். ஆன்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்போ நான்தான் சரியா கொண்டாடியிருக்கேன். நீங்க சும்மா வேடிக்கைதானே பாத்தீங்க!” என்றார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்தக் கதையை ஆன்டியே சொன்னார்.

இதைப் பார்த்தபோது எனக்கு நேசமணி நினைவுக்கு வந்தார். 2019 மே மாதம், முகநூலில் ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் பெயரைச் சொல்லிவிட்டு, இதனால்தான் பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்றும் எழுதினார். 2001-இல் வந்த ஒரு படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது. நமக்குச் சொல்லாமலே புரியும். படத்தை அறியாத ஒருவர் பதறிப்போய், அவர் இப்போது நலமா என்று கேட்டார். அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் பகடி அங்கேயே முடிந்திருக்கும். வந்ததால்தான், நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற வாசகம் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. கேட்டவரை யாரும் முட்டாளாக்கவில்லை. அவரது பதற்றத்தை நம் எல்லாருடைய பதற்றமாகவும் மாற்றிக்கொண்டார்கள். ஆன்டி விஷயத்திலும் அதுதான் நடந்தது.

மாலை போட்ட படம்

நாலு மணிக்குமேல் ஒரு தாத்தா தோசை சாப்பிட வந்தார். நடு மேசையில் ஜங்குக் படம். நான்கு நாள் முன்புதான் விநாயகர் சதுர்த்தி. பூக்கடையில் மாலை மலிவாகக் கிடைத்தது என்று ஒருத்தி வாங்கிவந்து படத்துக்குப் போட்டிருந்தாள். முன்னால் மெழுகுவத்தி வேறு. தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தின் முன் நின்று, தலையைக் குனிந்தார். அப்புறம் என்னிடம் தணிந்த குரலில், “யாரு வீட்டுப் பையன்மா? மோட்டார்லயா?” என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஐந்து வெள்ளியும் எடுத்துவிட்டார்.

இந்த ஊரில் அந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. மோட்டாரில் போன பிள்ளைகளின் படங்கள் பல வீட்டுச் சுவர்களில் மாலையோடு இருக்கின்றன. பின்னால் நின்ற பிள்ளைகளின் முகத்தில் சிரிப்பு வந்ததும் உண்மை, அதை அவர்கள் அடக்கிக்கொண்டதும் உண்மை. “தாத்தா, அவரு நல்லா இருக்காரு. நாளைக்கு அவருக்குப் பொறந்தநாளு. இருபத்தெட்டு வயசு” என்றாள் மூத்தவள். தாத்தாவுக்கு முகம் மாறிவிட்டது. “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலை போடலாமா? எடுங்க, எடுங்க” என்று அவரே கழற்றினார். மாலை வாசல் நிலைக்குப் போனது. ஐந்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. “பொறந்தநாளுக்கு மொய்யா வச்சுக்குங்க” என்றார். அதை அரிசிக் கணக்கில் சேர்த்தார்கள்.

ஆண் பிள்ளைகளின் பக்கமும் சொல்ல வேண்டும். ஆலையில் வேலை செய்யும் ஒருவர் தீவிர அஜித் ரசிகர். முகப்பூச்சு போட்டவனெல்லாம் ஹீரோவா என்று தொடங்கினார். பிள்ளைகள் பதில் பேசாமல் ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். குடித்துக்கொண்டே, “அடுத்த பாட்டு எப்ப?” என்று கேட்டார். புது ஆல்பம் 2026 வசந்த காலத்தில் வரும் என்று ஜூலையில்தான் குழு அறிவித்திருந்தது. “அடுத்த வருசம் வசந்த காலம் அண்ணா.” “நம்ம ஊர்ல வசந்த காலமே கிடையாதே, அப்புறம் எப்படி வரும்?” என்றார். கடையே சிரித்தது.

காத்திருப்பின் நகைச்சுவை அவருக்கு நன்றாகத் தெரியும். ‘வலிமை’ படத்தின் செய்திக்காகக் காத்திருந்த அஜித் ரசிகர்கள், 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்ட்டில் எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடமே அப்டேட் கேட்டவர்கள். பொறுமையாக இருங்கள் என்று அஜித்தே அறிக்கை விட வேண்டியதாயிற்று. படம் 2022 பிப்ரவரி 24-இல்தான் வந்தது. அந்த நாட்களை அவர் விவரிக்க, பிள்ளைகள் தங்கள் பதினெட்டு மாதக் கோடுகளைச் சொல்ல, அரை மணி நேரம் இரண்டு ரசிகர் கூட்டங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து காத்திருப்பைப் பற்றியே பேசின.

பெரட்டு

ஐந்தரை மணிக்கு ஒருத்தியின் பாட்டி வந்தார், தன் விளக்கைத் தேடிக்கொண்டு. ரப்பர் காலத்தில் விடியற்காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது தலையில் கட்டிய விளக்கு அது. பேத்தி அதை எடுத்து, ஊதாக் கண்ணாடித் தாள் சுற்றி, ஆர்மி விளக்காக மாற்றியிருந்தாள். கச்சேரிகளில் ரசிகர்கள் பிடிக்கும் அசல் விளக்கு இந்தப் பிள்ளைகள் வாங்குகிற விலையில் இல்லை.

“இதை எதுக்கும்மா எடுத்தே?”

“பாட்டி, அவங்க ரசிகர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைப்பாங்க. அதுக்குப் பேரு மஸ்டர். எல்லாரும் விளக்கோட போவாங்க.”

மஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதும் பாட்டி நிமிர்ந்தார். தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் பெயர் எடுப்பதற்கு வெள்ளைக்காரன் சொன்ன சொல் அது. நம் ஆட்கள் அதைப் பெரட்டு என்றார்கள்.

“பெரட்டுன்னு சொல்லு. நாங்க விடியறதுக்கு முன்ன விளக்கோடதான் பெரட்டுக்குப் போனோம். மழையில நின்னிருக்கோம். ஒருத்தனும் எங்களுக்குப் பாட்டு பாடலியே.”

யாரும் பேசவில்லை. பிறகு பேத்தி சொன்னாள்: “அவங்க பெரட்டுலயும் பேரு எடுப்பாங்க பாட்டி. பாட்டு ஆரம்பிக்கும்போது நாங்கதான் ஏழு பேர் பேரையும் வரிசையா கத்துவோம்.”

“பேரைச் சொல்லு, நான் எடுக்கறேன்” என்றார் பாட்டி.

பிள்ளைகள் ஏழு பெயரையும் தமிழில் எழுதி அட்டையை நீட்டினார்கள். பாட்டி விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டார். செக்ரோல் (வருகைப் பதிவு) புத்தகத்தோடு தோட்டத்துக் கிராணி (கணக்கர்) நிற்பதைப் போல நேராக நின்றார். கிம் நம்ஜூன் என்றார். பிள்ளைகள் “ஆஜர்!” என்று கத்தினார்கள். கிம் சொக்ஜின். ஆஜர். மின் யூங்கி. ஆஜர். ஒவ்வொரு பெயரும் பாட்டியின் வாயில் பக்கத்து லயத்துப் பையனின் பெயராக மாறியது. அடுப்படியிலிருந்து அண்ணனும் சேர்ந்து கத்தினார். அஜித் ரசிகர் மேசையைத் தட்டினார். கடைசியாக, ஜொன் ஜங்குக். அந்த ஆஜர் எதிர் வரிசைக் கடைகள்வரை கேட்டிருக்கும்.

அன்றைக்கு எதனால் இது இத்தனை நன்றாக நடந்தது என்று பலமுறை யோசித்தேன். இந்தப் பிள்ளைகள் கொரியாவைப் பார்த்து மட்டும் கற்றுக்கொண்டவர்கள் இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்று, முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு மோர் நீட்டியவர்கள். திருவிழா உபயத்துக்கு வீடுவீடாகப் போய் நன்கொடை வாங்கி, கணக்கை நோட்டில் எழுதத் தெரிந்தவர்கள். வருகிறவர் யார் என்று கேட்காமல் கொடுப்பது அவர்களுக்குப் பழக்கம். அதனால்தான் ஆன்டியையும் தாத்தாவையும் பாட்டியையும் வெளியே நிறுத்திவைக்க அவர்களுக்குத் தோன்றவேயில்லை. ரசிகர் உலகில் இதற்கு நேர்மாறும் நடக்கிறது. தெரியாமல் கேட்டவரைக் கூடி அவமானப்படுத்துகிற கூட்டங்களும் இருக்கின்றன. இந்த எட்டுப் பேரே அப்படிப்பட்ட கூட்டத்திடம் அடிபட்டவர்கள். ஒருத்தி ஒரு பெயரைத் தவறாக எழுதியதற்காக இரண்டு நாள் திட்டு வாங்கி அழுதிருக்கிறாள். அவள்தான் அன்று தாத்தாவுக்கு முதலில் நாற்காலி போட்டவள்.

ஆறு மணிக்கு மேசையை ஒழித்தோம். உறைகளில் ஏழு மிஞ்சின. அரிசிப் பையை மறுநாள் விடுமுறையில் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். நன்கொடை நோட்டில் ‘உபயம்: ஆர்மி பிள்ளைகள்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதியவர், யாருடைய பிள்ளைகள் பட்டாளத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். மறுபடி முதலிலிருந்து கதை சொல்லிவிட்டு வந்தார்கள்.

பத்து நாள் கழித்து நான் அந்தக் கடைக்குப் போனேன். மேசைத் துணியில் இன்னும் லேசாக டௌனி வாசம். தே கலக்கும் இடத்துக்கு மேலே ஆணியில் ஓர் உறை தொங்கியது. தாத்தா அதே மூலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டு, “அந்தக் கொரியாப் பையன் நல்லா இருக்கானாம்மா?” என்று கேட்டார்.